வனத்திலே ஒரு பகல் நடை



புளியங்குளத்திலும் அதன் அயற்கிராமங்களிலும் வாழ்பவர்களுக்குக் காடு ஒரு காட்சிப்பொருள் அன்று. யாழ்ப்பாணம் - கண்டி வீதியிலே, வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையே, நெடுங்கேணிக்குச் செல்லும் பாதை பிரிகின்ற சந்தியிலே எங்கள் ஊர் அமைந்துள்ளது. சந்தியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வளவும் வயலும் முடிந்து காடு தொடங்கிவிடும். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் வளர்ந்த அக்காடு எங்களுக்கு விறகு தந்தது, தேன் தந்தது, பழம் தந்தது, வீட்டுக்கு வளையும் கைமரமும் தந்தது. யானையையும் கரடியையும் வளர்த்து எங்களை அச்சுறுத்தவும் செய்தது. ஆயினும், "சும்மா காட்டிலே நடந்துவிட்டு வருவோம், வாருங்கள்" என்று ஒருவர் மற்றொருவரை அழைப்பதை எங்கள் பக்கத்திலே கேட்பது அரிது. காரியமின்றிக் காட்டுக்குப் போவது எங்கள் வழக்கம் அன்று.

அத்தகைய காரியமற்ற நடையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். காலையிலே புறப்பட்டு, அமைதி நிறைந்த ஒரு பெருவனத்தினூடே பகற்பொழுதிலே நடந்து, மாலைக்கு முன் மீளுதல். எடுப்பதற்கு ஒன்றுமில்லை, கொண்டுவருவதற்கும் ஒன்றுமில்லை. இது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு இந்த நடை எவ்வளவு தேவை என்பதை எடுத்துக் கூறுவதே என் நோக்கம்.

எங்கள் முன்னோர் காட்டிலே நடந்தவர்களே. பாலைப்பழம் பழுக்கும் காலத்திலே குடும்பமாகச் சென்று, உதட்டிலே பால் ஒட்ட ஒட்ட உண்டு, கடகம் நிறையக் கொண்டுவருவர். தேனெடுக்கச் செல்வோர் காட்டுக்குள் நுழையுமுன் ஒரு கொப்பை முறித்து மரத்தடியிலே வைத்துப் பிள்ளையாரையோ ஐயனாரையோ வணங்கிச் செல்வர். காட்டுக்குள்ளே உரக்கப் பேசமாட்டார். வேண்டாத மரத்தை வெட்டமாட்டார். புகுமிடம் தமக்குரியதன்று, அனுமதி பெற்றே புகவேண்டும் என்னும் பணிவு அவர்களிடம் இருந்தது.

விருப்பத்தோடு நடந்தவர்கள் இவர்கள். விருப்பமின்றி நடந்தவர்களும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர் மன்னார்க் கரையிலே இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். நீரற்ற காட்டு வழியிலே பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தவர் பல்லாயிரவர். அவர்கள் பெயர் எழுதிய கல் எதுவும் அவ்வழியிலே இல்லை.

எங்கள் காலத்திலும் நடந்தோம். 1997 ஆம் ஆண்டிலே புளியங்குளத்தைச் சுற்றிக் கடுஞ்சமர் நிகழ்ந்தது. 2009 ஆம் ஆண்டிலே போர் முடியும்வரை வன்னி மக்கள் மூட்டைகளையும் பிள்ளைகளையும் சுமந்து இடம்விட்டு இடம் நடந்தனர். போர் முடிந்த பின்னரும் காடு எங்களுக்குத் திறக்கவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் காட்டு விளிம்பிலே நின்றன. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசம்பரிலே இணைந்தது. வெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்துப் பெரும்பரப்பை மீட்டுத் தந்திருக்கின்றனர். ஆயினும், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் பருவத்திலேயே ஒரு பாடத்தையும் சேர்த்துப் படித்துவிட்டனர்: பாதையை விட்டு இறங்காதே, அறியாத பொருளைத் தொடாதே, காட்டுக்குள் போகாதே. அப்பாடம் உயிர் காத்த பாடம். அதை நான் குறைகூறவில்லை. ஆனால், காட்டருகே பிறந்த பிள்ளைக்குக் காடு என்றால் அபாயம் என்ற ஒரே பொருள் மனத்திலே பதிந்துவிடுமாயின், பிற்காலத்திலே அக்காட்டைக் காப்பதற்கு அப்பிள்ளை முன்வருமா?

சரி, அஞ்சாது நடக்கத்தக்க வனம் எங்கே உண்டு? வன்னியை அடுத்துத் தெற்கே, 1938 ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக்கப்பட்ட வில்பத்து இருக்கின்றது. ஆயிரத்து முந்நூறு சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. இந்நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா அதுவே. ஆனால், யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவும் அவ்விடத்திலே பார்வையாளர் வாகனத்தை விட்டு இறங்கி நடத்தல் ஆகாது. 2015 ஆம் ஆண்டிலே வடக்கிலே சுண்டிக்குளமும் மடுவீதிப் பகுதியும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. அவையும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உரிய புகலிடங்களே. எங்கள் உலர்வலயக் காட்டிலே யானைக்கு வழிவிட்டு ஒதுங்குவதே அறிவுடைமை.

நடப்பதற்கென்றே பேர்பெற்ற தேசிய பூங்கா ஒன்று மலைநாட்டிலே உண்டு. அதுவே ஹோர்ட்டன் சமவெளி. எங்கள் பாடசாலை வாசலால் ஓடும் அதே வீதியிலே தெற்கு நோக்கிச் சென்றால் கண்டி; அங்கிருந்து இறம்பொடை வழியாக ஏறினால் நுவரெலியா; அதற்கும் அப்பால், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே, மேகத்தின் மடியிலே கிடக்கின்றது அச்சமவெளி. புகையிரதத்திலே செல்வோர்க்குப் பட்டிப்பொலவும் ஒஹியவும் அண்மையிலுள்ள நிலையங்கள். 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோர்ட்டன் என்பாரின் பெயரை ஆங்கிலேயர் அதற்கு இட்டனர். அதற்கு முன்பே சிங்கள மக்கள் அதனை 'மகா எலிய' என்று வழங்கினர்.

அந்த வனம் தப்பிப் பிழைத்த வரலாறும் அறியத்தக்கது. மலைச்சாரல்களிலே கோப்பிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலத்திலே, 1873 ஆம் ஆண்டிலே, சேர் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாது விடவேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வறிவுரையின் பயனாக உச்சிக்காடுகள் பெரிதும் எஞ்சின. 1969 ஆம் ஆண்டிலே இச்சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 ஆம் ஆண்டிலே இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்டபோது இதுவும் அதிலே சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டயர். வில்பத்தோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால், ஒரு பகல் நடப்பவனுக்கு அது முடிவில்லாத வெளி.

ஒரு விடுமுறைக் காலத்திலே எங்கள் மாணவர் சிலரை ஆசிரியர்களும் பெற்றோரும் துணைவர அங்கே அழைத்துச் சென்றோம். நேரத்தோடு வாயிலை அடைதல் வேண்டும் என்பது இந்நடையின் முதலாவது விதி. காலை ஒன்பது, பத்து மணியாகும்போது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து மலைவிளிம்பை மறைத்துவிடுவதுண்டு. ஆகையால் விடியுமுன்னரே பயணம் தொடங்கிற்று. ஆண்டின் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவிலே உள்ள இடம் அது. சில தை மாதக் காலைகளிலே புல்லின்மேல் உறைபனியும் படியும். வன்னியின் வெயிலிலே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் கைகளைக் கமக்கட்டிலே செருகிக்கொண்டு நடுங்கினர். பேசினால் வாயிலிருந்து புகை எழுவதைக் கண்டு சிரித்தனர்.

வாயிலிலே பைகளைச் சோதித்தார்கள். பொலித்தீன் உறைகளுக்கு உள்ளே இடமில்லை. இது ஏன் என்பதைப் பிள்ளைகள் சிறிது நேரத்திலேயே அறிந்துகொண்டனர். புல்வெளியின் ஓரத்திலே கொம்புடைய பெரிய மரை ஒன்று எங்களைப் பார்த்தபடியே நின்றது. வன்னியிலே மரை என்றால் பற்றைக்குள்ளே மறையும் ஒரு நிழல். பகலிலே, பத்தடி தூரத்திலே, அஞ்சாமல் நிற்கும் மரையை அவர்கள் கண்டதில்லை. மனிதர் நீட்டும் பாண் துண்டுக்குப் பழகிப்போன மரைகள் உணவு மணக்கும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி இறந்ததுண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். அன்பினாலே கொடுத்த ஒரு வாய் உணவே ஒரு விலங்குக்கு யமனாகக் கூடும்.

நடைபாதை ஒரு வட்டமாக அமைந்துள்ளது. ஏறத்தாழ 9 கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தால் மூன்று, நான்கு மணித்தியாலம். முதலிலே பத்தனைப் புல்வெளி. அதன் நடுவே சிவந்த பூங்கொத்துக்களோடு 'மகாரத்மல்' என்னும் மரங்கள். பின்னர் திடீரென்று முகிற்காடு. எங்கள் பாலையும் முதிரையும் போல மரங்கள் அங்கே வானளாவ உயர்வதில்லை. காற்றும் குளிரும் அழுத்த, குறுகி முறுகி, பாசியைப் போர்த்துக்கொண்டு நிற்கின்றன. அப்பாசியும் இலையும் தம்மைத் தழுவிச் செல்லும் மூடுபனியிலிருந்து நீரை வடித்தெடுத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. கரிய மண் அதனைப் பஞ்சுபோல் ஏந்திக்கொள்கின்றது. அச்சமவெளியிலும் அயலிலும் ஊறும் ஓடைகளே மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீரூட்டுகின்றன. குளத்தை நம்பி வாழும் ஊரிலே பிறந்த பிள்ளைகளுக்கு இதனை விளக்க அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை. "இது மேகத்தைப் பிடிக்கிற குளம், சேர்" என்றான் ஒரு மாணவன். பாடநூலிலே அதைவிடச் சுருங்கிய விளக்கம் இல்லை.

தமிழிலே குறிஞ்சி என்று நாம் பாடமாகப் படிக்கும் நிலமும் அதுவே. குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த 'நெலு'ச் செடிகள் பல்லாண்டுகளுக்கு ஒரு முறை ஒருங்கே பூத்து மடிகின்றன. 2013 ஆம் ஆண்டிலே அச்சமவெளி அவ்வாறு பூத்ததைக் காண மக்கள் திரண்டனர். மூக்கிலே சிறு கொம்புடைய ஓணான் ஒன்று அக்காட்டிலே வாழ்கின்றது. இலங்கை மலைநாட்டைத் தவிர உலகிலே வேறெங்கும் அது இல்லை. முற்றாக அழிந்துபோயிற்று என்று பல்லாண்டுகள் கருதப்பட்ட மலைத் தேவாங்கு இனம் இங்கே உயிரோடிருப்பது படச்சான்றோடு 2010 ஆம் ஆண்டிலே உலகுக்குத் தெரியவந்தது. ஆனால் எல்லாம் மீள்வதில்லை. ஒரு காலத்திலே இச்சமவெளியிலே திரிந்த யானைகள் 1940களுக்குப் பின் இங்கே இல்லை. வேட்டைக்காரரான சேர் சாமுவேல் பேக்கரின் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சி மட்டும் இன்றும் இருபது மீற்றர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கின்றது.

பாதை காட்டுக்குள் நுழையுமிடத்திலே ஓர் அறிவிப்புப் பலகை. பாதையை விட்டு விலகவேண்டாம் என்பது அதன் கருத்து. முன்னே சென்ற பிள்ளைகள் அதன் எதிரே நின்றுவிட்டனர். ஒன்பதாம் வகுப்பிலே படிக்கும் ஒரு மாணவி, போர் முடிந்த பின் பிறந்தவள், என் அருகே வந்து தணிந்த குரலிலே கேட்டாள்: "சேர், இங்கையும் வெடி இருக்கோ?"

உடன் நின்ற ஆசிரியர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அப்பிள்ளைக்குச் சொன்னேன்: "இல்லை பிள்ளை. ஊரிலே அந்தப் பலகை மண்ணிடமிருந்து எங்களைக் காக்க நின்றது. இங்கே இந்தப் பலகை எங்களிடமிருந்து மண்ணைக் காக்க நிற்கிறது."

அவள் குனிந்து பாதையோரத்தைப் பார்த்தாள். பல்லாயிரம் கால்கள் மிதித்து அகட்டிய இடங்களிலே புல் அழிந்து, கரிய மண் சேறாகி, மழைநீரோடு ஓடியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்செடி சில இடங்களிலே உள்ளூர்ப் புல்லை நெருக்கி வளர்ந்திருந்தது. அதனைப் பிடுங்கி அகற்றத் தொண்டர்கள் உழைத்து வந்திருக்கின்றனர். ஒரு காலடியின் பாரம் எத்தகையது என்பதை அவ்விடத்திலே கண்ணாற் காணலாம். அதன் பின்னர் எங்கள் பிள்ளைகளிலே ஒருவரேனும் பாதையை விட்டு இறங்கவில்லை. அவர்களைப் பிடித்து நிறுத்தியது அச்சம் அன்று, மரியாதை. கொப்பு முறித்து வைத்து வணங்கிய எங்கள் முன்னோரின் பணிவும் இந்தப் பலகையின் கட்டளையும் ஒரே பொருளுடையன என்பதை அன்று நான் தெளிவாக உணர்ந்தேன்.

வட்டப் பாதையின் தொலைவிலே 'உலக முடிவு' என்னும் இடம் உள்ளது. சமவெளி அங்கே திடீரென்று முடிந்துவிடுகின்றது. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தான பள்ளம். நல்ல வேளையாக அன்று பனி எழவில்லை. தெளிந்த நாளிலே தெற்குக் கடலின் விளிம்பு வரை அங்கிருந்து தெரியும் என்பர். எங்கள் பிள்ளைகள் கடலைத் தேடவில்லை. கீழே, வெகு ஆழத்திலே, தேயிலைத் தோட்டமும் தீப்பெட்டிகளை அடுக்கியது போன்ற லயங்களும் தெரிந்தன. "எங்கட அம்மாயி இப்பிடி ஒரு தோட்டத்திலதான் பிறந்தவ" என்றான் மேகத்தைப் பிடிக்கிற குளம் என்று சொன்ன அந்த மாணவன். 1977 ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலைநாட்டை விட்டு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பறைகளிலே இருக்கின்றனர். அவனுடைய முன்னோர் காட்டு வழியாக மலைக்கு நடந்தவர்கள். அடுத்தவர்கள் மலையிலிருந்து காட்டுக்கு வந்தவர்கள். எவரும் தம் விருப்பத்தாலே நடக்கவில்லை. அவ்விளிம்பிலே நின்ற அவன் அவர்கள் வழியிலே, ஒருவராலும் துரத்தப்படாமல், சோற்றுப் பொட்டலத்தோடு நடந்து வந்தவன். இதனைச் சிறிய பேறு என்று நான் எண்ணவில்லை.

திரும்பும் வழியிலே கால்மணி நேரம் ஒருவரும் பேசாது நடப்போம் என்று தீர்மானித்தோம். முதலிலே சிரிப்பை அடக்கமுடியவில்லை. பின்னர் மெல்ல மெல்லச் செவிகள் திறந்தன. நீர் சொட்டும் ஒலி, ஓடைக்கரையிலே பெயரறியாத ஒரு பறவையின் கூவல், தொலைவிலே மந்தியின் குரல், எங்கள் காலடி. அமைதி என்பது ஓசையின்மை அன்று, நாம் அடங்கியபின் கேட்கத் தொடங்கும் ஓசைகளே அமைதி என்பதை எந்த வகுப்பறையிலும் கற்பிக்க முடியாது.

நேயர்களே, இந்நடைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாதம் வழுக்காத சப்பாத்து, குளிருக்கு ஓர் உடை, மழைக்கு ஒரு மேலாடை, போத்தலிலே நீர், வாழையிலையிலோ பாத்திரத்திலோ கட்டிய சோறு, இவை போதும். விளிம்புகளிலே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விரைந்து முடிப்பவர் வென்றவர் அல்லர்; மெல்ல நடப்பவரே அதிகம் காண்பவர்.

இறுதியாக ஒன்று. ஆண்டுக்கொரு முறை தொலைதூர மலைக்குச் செல்வதோடு இது நின்றுவிடலாகாது. வெடிகள் முற்றாக அகற்றப்பட்டன என்று உரியவர்கள் உறுதிசெய்த எங்கள் வன்னிக் காட்டு விளிம்புகளிலே, யானைவழிகளுக்கு இடையூறு இல்லாத இடங்களாகத் தேர்ந்து, வனத் திணைக்களத்தாரின் துணையோடு, பிள்ளைகள் நடப்பதற்கென்று குறும்பாதைகளை அமைக்க வேண்டும். எது பாலை, எது வீரை, எது முதிரை என்று அறிந்த முதியவர்கள் இன்னும் எங்கள் கிராமங்களிலே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் அவர்களோடு நடந்துவிடவேண்டும். வீதி அகலிப்புக்கும் குடியேற்றத்துக்கும் மரத்துக்கும் மணலுக்கும் காடு குறைந்துவரும் காலம் இது. நாளை அக்காட்டுக்காக வாதாட வேண்டியவர்கள் இன்று எங்கள் வாங்குகளிலே அமர்ந்திருக்கும் மாணவர்களே. தாம் ஒருநாளும் நடந்திராத காட்டுக்காக அவர்கள் எவ்வாறு பேசுவர்?